நாலு மாசம் அருளப்பன் சார்

நனைந்த கம்பளிக்கு ஒரு வாசனை உண்டு. ஆட்டுக்குட்டியின் கழுத்தடியில் முகம் வைத்தாற்போல.

போன வாரம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய பெரியவர் ஒருவர், தூறலில் நனைந்த குரங்குக் குல்லாவைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே பிழிந்தார். பெட்டியே மூக்கைச் சுளித்தது. நான் மட்டும் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஐயா, உங்க குல்லாவுக்குள்ள எங்க அக்கா மட்டையோட நிக்கிறா" என்று சொல்லியிருந்தால் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கியிருப்பார். சும்மா இருந்தேன். வாசனை தன் வேலையைச் செய்தது.

பூப்பந்து ஆடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆடாதவர்களுக்காக: அணிக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மரச்சட்ட மட்டை, பெரிய எலுமிச்சம்பழம் போல ஒரு மஞ்சள் கம்பளிப் பந்து. தரையில் பட்டால் போச்சு. மழையில் நனைந்தால் அந்தப் பந்து பந்தாக இருக்காது, பிராணியாகிவிடும்.

அன்றைக்கும் தூறல்தான். தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர் ஞாயிறு. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் மைதானம். நாங்கள் ஐந்து பெண்கள் ஒரு பக்கம், அனகாபுத்தூர்ப் பெண்கள் ஐவர் எதிர்ப்பக்கம். எல்லோருக்கும் கல்யாணமாகிவிட்ட வயது. சுடிதாரைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பந்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"பந்த மாத்துங்கய்யா. எருமக்கன்னு மாதிரி கனக்குது."

மதில்மேல் ஒரு தலை மட்டும் தெரிந்தது. நரைத்த சுருட்டை முடி, சோடாப்புட்டிக் கண்ணாடி, மதிலின் விளிம்பைப் பிடித்த பத்து விரல்கள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு அலையலையாய்ச் சிரிப்பு.

"நாலு மாசம் வந்துட்டார்டா."

"எப்ப வந்தாரு? அஞ்சாவது மாசம்தானே வரணும்?"

எங்கள் கலா அக்கா மட்டையை உயர்த்தி அந்தத் தலைக்கு ஒரு வணக்கம் வைத்தாள். தலை ஆடியது. அது அருளப்பன் சார். எங்களுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுத்தவர். எங்களால் கெட்டவர். எங்களைக் கெடுத்தவர் என்று அப்பா சொல்வார். எல்லாமே சரிதான்.

இரண்டு பிறந்தநாள்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று அம்மா சொல்வது: "ஐப்பசி அடைமழை, ஏரிக்கரை உடைஞ்ச வாரம்." மற்றொன்று பள்ளிக்கூடத்தில் போட்டது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. வாத்தியாராகப் பார்த்து ஜூனில் ஒரு தேதி எழுதிக்கொள்வார். மாடம்பாக்கத்தில் என் பெரியப்பா வீட்டில் அண்ணன் தம்பி மூவருக்கும் ஒரே தேதி, ஒரே மாதம். வருஷம் மட்டும் வேறு. பெரியம்மா மூன்று முறை பெற்றவள், சர்டிபிகேட்டில் மிக ஒழுங்கானவள்.

ஆகவே ஒரு தேதியைத் தள்ளிப்போடுவது எங்கள் ஊரில் பெரிய பாவமில்லை. அப்படித்தான் அருளப்பன் சாரும் நினைத்திருப்பார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான போட்டி. கலா அக்காவுக்குப் பதினேழு. அவள் இல்லாமல் எங்கள் அணி இல்லை. நடுவில் நிற்பவள் அவள். சார் அவளுக்குக் கொடுத்திருந்த 'கட்' அப்படி.

கட் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தை அடிப்பதில்லை, சீவுவது. வெண்டைக்காயை நறுக்குகிற மாதிரி மட்டை பந்தின் விலாவில் ஓட வேண்டும். பந்து நேராகத்தான் போகும். வலையைத் தாண்டியதும் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவள்போல் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். எதிரில் இருப்பவர் காற்றை அடித்துவிட்டு மட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். சார் அதைச் செய்து காட்டும்போது நாங்கள் ஆட்டத்தை மறந்து வாய் பிளந்து நிற்போம். "வாயை மூடுங்கடி, பந்து உள்ள போயிடும்" என்பார்.

அக்காவின் பிறப்புச் சான்றிதழுக்கு ஒரு நகல் எழுதினார். வருஷத்தை மட்டும் இரண்டு தள்ளினார். 'உண்மை நகல்' என்று போட்டு, எந்த அதிகாரியினுடையதும் இல்லாத ஒரு கையெழுத்தைப் பச்சை மையில் தானே போட்டார். நாளையும் மாதத்தையும் தொடவில்லை. அழகான வேலை. ஒன்றைத்தான் மறந்துவிட்டார். அதே அணியில் அவளுடைய கூடப் பிறந்த தங்கை ஒருத்தி இருந்தாள். நான்.

அக்கா எனக்கு இரண்டு வருஷம் நாலு மாதம் மூத்தவள். இரண்டு வருஷத்தைக் கழித்துவிடுங்கள். என்ன மிச்சம்?

நான் என்ன கோழியா

இறுதி ஆட்டத்தில் அனகாபுத்தூரை ஜெயித்தோம். அவர்கள் தறிக்காரர் வீட்டுப் பெண்கள், கை இரும்பு. அணித் தலைவி செல்வி அன்றைக்கு முழங்கை தேய ஆடினாள். அப்படியும் தோற்றாள்.

பரிசு மேஜையில் பூப்பந்துச் சங்கச் செயலாளர் ரங்கபாஷ்யம் சார். அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். எழுத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவர், எங்கள் இருவரின் அப்பா பெயரும் ஒன்றாக இருப்பதைக் கண்டு மலர்ந்தார்.

"அடடே, அக்கா தங்கையா? இரட்டைப் பிள்ளைகளோ?"

எனக்கு வயது பதினாலே முக்கால். மைக் முன்னால் நிற்கிறேன். முதல்முறையாக ஊரே என்னைப் பார்க்கிறது. தெளிவாக, பெருமையாகச் சொன்னேன்.

"இல்ல சார். அக்கா என்னைவிட ரெண்டு வருஷம் நாலு மாசம் பெரியவ."

அருளப்பன் சார் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ரங்கபாஷ்யம் சார் கோப்பைத் திறந்தார். ஒரு தாள். இன்னொரு தாள். விரலால் எண்ணினார்.

"இதுல நாலு மாசம்தானே வித்தியாசம் வருது?"

அம்மா கூட்டத்தின் முன்வரிசையில் இருந்தாள். விஷயம் தெரியாது. மைக்கில் தன் பிள்ளைப்பேறு பற்றி ஒரு ஆண் சந்தேகம் கேட்கிறார் என்பது மட்டும் புரிந்தது. எழுந்து நின்று, மைக் தேவைப்படாத குரலில் கேட்டாள்.

"நாலு மாசத்துல எப்படிங்க சார் ரெண்டு பெறுறது? நான் என்ன கோழியா?"

அன்று எழுந்த சிரிப்பு ரயிலடி வரை கேட்டது என்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் ஒரு மனிதர் விழுந்தார்.

அவர் மறுக்கவில்லை. பிள்ளைகள் மேல் போடவில்லை. மேஜைக்கு முன்னால் வந்து, "நான்தான் சார் எழுதினேன். பச்சை மையும் என்னுதுதான்" என்றார். பரிசுக் கோப்பை அனகாபுத்தூருக்குப் போனது. செல்வி அதைச் சிரிக்காமல் வாங்கிக்கொண்டாள். அருளப்பன் சாருக்கு, உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத்தில் வேலை போனது. சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. ரங்கபாஷ்யம் சாரின் முத்துமுத்தான கையெழுத்தில்: 'திரு. அருளப்பன் இனி எக்காலத்தும் இம்மைதானத்தில் கால் வைக்கலாகாது.'

ஊர் வைத்த பெயர்

முதல் வருஷம் ஊர் சிரிக்கவில்லை, கடித்தது. அவர் வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. அவர் மனைவி பால் வாங்கப் போவதை நிறுத்தினார். அவரிடம் ஆடக் கற்றவர்களே எதிரில் வந்தால் ரோட்டின் மறுபக்கம் போனார்கள். அப்பா எங்கள் குழுப் படத்தைச் சுவரை நோக்கித் திருப்பி மாட்டினார். "என் பொண்ணு பொறந்த நாள மாத்த இவன் யாரு, பிரம்மாவா?" என்று மூன்று நாள் சாப்பாட்டில் கோபம் காட்டினார். நான் மொட்டைமாடியில் அழுதேன். உண்மை சொன்னதற்காக ஒரு பிள்ளை அழுவதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் பெயர் வந்தது. 'நாலு மாசம்.'

யார் முதலில் கூப்பிட்டது என்று தெரியாது. பஞ்சர் பாபு தான்தான் என்பான். அவன் மார்க்கெட் ஓரம் சைக்கிள் கடை வைத்திருந்தவன், சொல்லக்கூடிய ஆள்தான். ஒரு சில மாதங்களில் பெயர் தாம்பரம் முழுக்க நடந்தது. பஸ் வரவில்லையா, "நாலு மாசத்துல வந்துடும்." ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லையா, "நாலு மாசத்துல ரெண்டு தடவ வரும்." எங்கள் தெருவில் பிள்ளையுண்டான பெண்கள் அந்த மாதத்தையே விட்டுவிட்டார்கள். எத்தனை மாசம் என்று கேட்டால், "மூணு முடிஞ்சு அஞ்சு நடக்குது" என்பார்கள். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மூன்று முறை கேட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளை அக்காவையே கேட்டார், எந்த வயசு நிஜம் என்று. "பிடிச்சதா பார்த்து எடுத்துக்குங்க" என்றாள். அவர்தான் இன்று என் அத்தான்.

அருளப்பன் சார் வீட்டை விற்றுவிட்டு ஊரப்பாக்கம் போனார். அப்போது அங்கே வீடுகளைவிட முள் அதிகம். ரயிலேறித் தினமும் தாம்பரம் வருவார். பாபு கடையின் ஓரத்தில் ஒரு சாக்கைப் போட்டு, அறுந்த மட்டைகளுக்கு நரம்பு கட்டினார். அந்த இடத்தைக் கொடுத்தவன் பாபு. அவரை அதிகம் கேலி செய்தவனும் அவனே.

"இன்னா நாலு மாசம், இன்னிக்கு எந்தத் தேதில பொறந்துகினு வந்தே?"

"இன்னும் பொறக்கல பாபு. டீ சொல்லு, குடிச்சிட்டுப் பொறக்கறேன்."

நான் கல்லூரி போகும் வழி அது. இரண்டு வருஷம் சுற்றுப்பாதையில் போனேன். ஒருநாள் மழையில் ஒதுங்க வேறு இடம் இல்லாமல் கடைக்குள் போய்விட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நான் சொல்லியிருக்கக் கூடாது."

"எதை?"

"ரெண்டு வருஷம் நாலு மாசம்."

நரம்பைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். "நீ சரியாத்தான் சொன்ன. எனக்குத்தான் சின்ன வயசுலயே கழித்தல் வராது. வாத்தியார் காதைத் திருகுவாரு. அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா உன் வயசையும் தள்ளியிருப்பேன்."

பாபு சிரித்துச் சிரித்து சைக்கிள் பம்ப்பின் மேல் விழுந்தான். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நேர்வழியில் போனேன். இந்த ஆள் திருந்தினாரா இல்லையா என்று யோசித்துக்கொண்டே போவேன். விடை கிடைத்ததில்லை.

பிறகு சர்க்கரை வந்தது. ஆள் பாதியானார். கண்ணாடி தடித்தது. காலில் ஒரு புண் ஆறாமல், பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சேதி தெரிந்த அன்று, கல்லெறிந்த தெருவிலிருந்தே ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு டிபன் கேரியருடன் கிளம்பினார்கள். சர்க்கரைக்காரருக்கு ஒருத்தி பால்கோவா கொண்டுபோனாள். வார்டில் நர்ஸ் அட்டையை நிரப்ப வயது கேட்டாராம். கூட இருந்த பாபு குறுக்கே விழுந்து தடுத்தானாம்.

"இவர கேக்காதீங்க சிஸ்டர். நீங்களே மூஞ்சியப் பாத்து ஒண்ணு போட்டுக்குங்க."

தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் அதட்டும் வரை சிரித்தவர் சார்தான் என்றார்கள்.

ஒன்றில் மட்டும் அவர் சிரிக்கமாட்டார். ஒவ்வொரு வருஷமும் போட்டி தொடங்கும் முன் சங்கத்துக்கு ஒரு மனு எழுதுவார். ஒரே ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து ஆட்டம் பார்க்க அனுமதி வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ரங்கபாஷ்யம் சார் பதில் போடுவார்: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே நிற்பார். விரல் போன பிறகு நிற்க முடியவில்லை. பாபு சைக்கிளை மதிலோரம் ஸ்டாண்ட் போட்டுப் பிடித்துக்கொள்வான். சார் கேரியரில் முட்டி போடுவார், மாதா கோயிலில் முட்டி போடுவதைப் போல.

டயர் பற்றி எதுவும் இல்லை

அந்த டிசம்பர் ஞாயிறுக்கு வருகிறேன்.

அன்றைய ஆட்டத்தைக் கேட்டு வாங்கியவள் செல்வி. பத்து வருஷத்துக்கு மேலாகச் சங்கத்தைத் துளைத்துக்கொண்டிருந்தாள். "கப்பு எங்க வூட்டு அலமாரில கீது. அதப் பாக்கறப்பல்லாம் எவனோ மறந்துட்டுப் போன பாத்திரம் மாதிரி கீது. நான் ஜெயிக்கல. ஜெயிச்சிருப்பேனா, அதுவும் தெரியாது. அதே பத்துப் பேர், திரும்ப ஆடணும்." வயசு கேட்காத ஆட்டம் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். அதற்கே பாதிக் கூட்டம்.

பந்தை மாற்றச் சொல்லிக் குரல் வந்ததும் செல்வி நேரே மதிலடிக்குப் போனாள். அண்ணாந்து பார்த்தாள்.

"சார், எறங்கி உள்ள வாங்க."

"கூடாதும்மா. எழுதி வெச்சிருக்கு."

அவள் திரும்பி நடுவர் நாற்காலிக்கு வந்தாள். மேலே குடைக்குள் ரங்கபாஷ்யம் சார்.

"இவரு உள்ள வரணும் சார்."

"தீர்மானம் இருக்கும்மா."

"யாருக்காகப் போட்டீங்க? எனக்காகத்தானே. நானே சொல்றேன், வரட்டும். இவரு டீம் எங்ககிட்ட தோக்கறத இவரு கிட்டக்க குந்திப் பாக்கணும். செவுத்து மேல இருந்து பாத்தா பாதித் தோல்விதான் தெரியும்."

கூட்டம் ஓவென்றது. அக்கா, "அதையும் பாத்துடலாம்டி" என்றாள்.

மதில்மேல் இருந்த தலை அசையவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்த முகத்தை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன். பசித்த முகம்.

ரங்கபாஷ்யம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தீர்மானத்தை நான் மீற முடியாது. கால் வைக்கலாகாதுன்னு இருக்கு." கண்ணாடியை மாட்டினார். "அவ்வளவுதான் இருக்கு."

இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். கூட்டத்தில் ஒருவருக்கும் புரியவில்லை. மதிலுக்கு அப்பால் புரிந்தது.

"சார்," பாபுவின் குரல். "கால் மட்டும்தானா?"

"எழுத்தில் இருப்பது கால்."

"டயரு?"

செயலாளர் வானத்தைப் பார்த்தார். தூறலை ஆராய்பவர்போல் வெகுநேரம் பார்த்தார்.

"டயர் பற்றி எதுவும் இல்லை."

கால், கால்

கேட்டைத் திறந்தார்கள். பாபு ஹாண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலையும் கட்டில்லாத காலையும் முன்னால் நீட்டிக்கொண்டு, அருளப்பன் சார் மைதானத்துக்குள் வந்தார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரை கிடைக்காமல் சைக்கிளில் வந்த மாதிரி இருந்தது. யாரோ விசில் அடித்தார்கள். பிறகு எல்லோரும் அடித்தார்கள்.

எங்கள் பக்கத்து மூலையில், கோட்டுக்கு ஒரு கை தூரத்தில், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டான் பாபு. அப்போது தொடங்கியது கூத்து. நீட்டிய கால் எவ்வளவு நேரம் நீட்டியபடி இருக்கும்? கொஞ்சம் இறங்கும். உடனே முந்நூறு தொண்டைகள்.

"கால், கால்."

சார் துள்ளித் தூக்குவார். ஆட்டம் நடக்கும். மறுபடி இறங்கும். "கால், கால்." தீர்மானத்தைக் காப்பாற்ற ஊர் அன்றைக்குப் பட்ட பாடு சங்கத்துக்கே தெரியாது. பூக்கார கன்னிம்மா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. காலிப் பூக்கூடையைக் கவிழ்த்துக் கொண்டுவந்தாள்.

"இதும்மேல வெச்சிக்கட்டும். கூட தரையில்லியே?"

ஆட்டம் நின்றது. செயலாளர் யோசித்தார். "கூடைக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆனது.

ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. முதல் செட் எங்களுக்கு. அக்காவின் கட், பிள்ளை பெற்ற உடம்பிலும், அதே மாதிரி திரும்பியது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சார் தொடையில் தட்டிக்கொண்டார். இரண்டாவது செல்விக்கு. நனைந்த பந்தில் கட் விழவில்லை, தறி இழுத்த கைகள் அதை இடித்து இடித்துத் தள்ளின. மூன்றாவதில் ஒட்டிக்கொண்டே போனோம். அவர்கள் இருபத்தெட்டு, நாங்கள் இருபத்தேழு. இருபத்தொன்பது எடுத்தால் முடிந்தது.

செல்வி ஓங்கி அடித்தாள். பந்து என் தலைக்கு மேலாகப் போனது. விட்டேன். வெளியே போகும் என்று விட்டேன். மூலையில் சொத்தென்று விழுந்தது.

"அவுட்" என்றாள் அக்கா.

"லைன்" என்றாள் செல்வி.

அந்த மூலைக்குப் பொறுப்பான ஆள் குடையைத் தூக்கிப் பிடிக்கும் மும்முரத்தில் இருந்தான். பார்க்கவில்லை. ரங்கபாஷ்யம் சார் இறங்கி வந்து குனிந்தார். தூறலில் சுண்ணாம்புக்கோடு கூழாகக் கிடந்தது, எங்கே பட்டது என்று தெரியவில்லை. மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, எல்லோர் கண்களும் சைக்கிள் கேரியருக்குப் போயின. பந்து விழுந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

சிரிப்பு நின்றுபோன மைதானத்தை நான் அன்றுதான் கேட்டேன். தூரத்தில் ரயில் ஒன்று ஹாரன் அடித்தது.

பத்து வருஷத்துக்கு மேல் அவரோடு நேரில் ஒரு வார்த்தை பேசாத செயலாளர் கேட்டார். "அருளப்பன், நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். ஆனா என்னக் கேக்காதீங்க. அவுட்னு சொன்னா என் பிள்ளைங்களுக்காகப் பொய்யின்னு அந்தப் பொண்ணு நெனைக்கும். லைன்னு சொன்னா நல்ல பேருக்குச் சொல்றேன்னு இந்தப் பொண்ணு நெனைக்கும். ரெண்டும் அவங்க தப்பில்ல." என் பக்கம் கையைக் காட்டினார். "பந்தக் கேளுங்க."

பந்து என் காலடியில் உருண்டு வந்திருந்தது. எடுத்தேன். ஈரக் கம்பளி, கையில் பிசுபிசுத்தது. திருப்பினேன். மஞ்சளில் ஒரு பக்கம் விபூதி அப்பியதுபோல் கெட்டியாகச் சுண்ணாம்பு.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைன்தான் சார்" என்று சொல்லிப் பந்தை உயர்த்திக் காட்டினேன்.

"இவ வாயில உண்மையத் தவிர ஒண்ணுமே வராதா?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மட்டையைப் போட்டுவிட்டுப் போய்ச் செல்வியைக் கட்டிக்கொண்டாள். செல்வி ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா தெரியாதபடி குலுங்கினாள். தாம்பரத்துக் கூட்டம் தாம்பரம் தோற்றதற்கு அப்படி ஆடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. ஆடிய ஆட்டத்தில் பூக்கூடை கவிழ்ந்தது. சாரின் இரண்டு காலும் மண்ணில் பட்டன.

எல்லோரும் உறைந்தார்கள். "கால்" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ரங்கபாஷ்யம் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார். ஊதி ஊதித் துடைத்தார். அவ்வளவு சுத்தமான கண்ணாடி பிறகு தாம்பரத்தில் இருந்திருக்காது. சார் அவசரப்படவில்லை. கட்டுப் போட்ட காலை மண்ணில் ஒருமுறை நன்றாக ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றிப் பார்த்தார்.

கேட்டில்

பொழுது சாய்ந்தது. பாபு அவரைக் கேரியரில் வைத்து ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். நானும் அக்காவும் கூட நடந்தோம். கேட்டருகே செல்வி ஓடிவந்து ஹாண்டில்பாரைப் பிடித்தாள். புடவைக்கு மாறியிருந்தாள். முகத்தில் இன்னும் மண்.

"சார், எங்க தெருவுல ஆறு பொண்ணுங்க ஆடுதுங்க. அடி கீது, கட் வரல. ஞாயித்துக்கெழம அனகாபுத்தூர் பக்கம் வர முடியுமா?"

சார் குனிந்து காலின் கட்டைப் பார்த்தார்.

"எனக்கு மைதானத்துக்குள்ள தடை இருக்கேம்மா."

"அது மைதானம் இல்ல சார். பாவு விரிச்சு நூல் காயவைக்கிற தெரு. காலைல பத்து மணிக்கு மேல காலி. எந்தக் காலையும் வைக்கலாம்."

"பஸ்ஸு ஏற முடியாதே."

"நான் தள்ளிக்கினு வரேன்" என்றான் பாபு.

"வரேம்மா" என்றார். பிறகு, பழைய அருளப்பன் சார் எங்கிருந்தோ எட்டிப் பார்த்தார். "பொண்ணுங்களுக்கு வயசெல்லாம் எப்படி? போட்டிக்குத் தோதா இருக்கா?"

செல்வி ஹாண்டில்பாரை விட்டாள்.

"நீங்க கட் மட்டும் சொல்லிக் குடுங்க சார். ஃபாரத்த நான் எழுதிக்கிறேன்."